கார் பாடி வேலைக்கு எந்த ஏர் சாண்டர், எந்த ஏர் கிரைண்டர் வாங்கலாம்?

2 எச்.பி. கம்ப்ரசரும் 50 லிட்டர் டேங்கும் கையில் இருக்கின்றன, டிங்கரிங், பட்டி வேலைக்கு எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கம்ப்ரசர் எதைத் தாங்கும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

2 எச்.பி. கம்ப்ரசர் 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தரும் காற்று ஏறக்குறைய 6 முதல் 7 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு அத்தனை கன அடி. பெட்டியில் இதைவிடப் பெரிய எண் இருந்தால், அது பிஸ்டன் உள்ளே இழுக்கும் அளவாக இருக்கும். வெளியே வருவது அதைவிடக் குறைவு. கருவிகளின் பெட்டியிலும் இதே கதைதான். '4 சி.எஃப்.எம்.' என்று போட்டிருக்கும் டி.ஏ. சாண்டருக்கு (பேப்பர் ஒட்டிய வட்டமான பேட் சுழன்றுகொண்டே ஆடும் தேய்ப்புக் கருவி) அது சராசரிக் கணக்கு, அதாவது நிமிடத்துக்கு 15 வினாடி மட்டும் ஓட்டினால் ஆகும் செலவு. கிரைண்டரை அப்படி விட்டுவிட்டு ஓட்டலாம். ஆனால் சாண்டரின் லீவரை அழுத்தினால் ஒரு பேனல் முடியும் வரை விடமாட்டோம். அப்படி ஓடும் 6 அங்குல டி.ஏ. 10 சி.எஃப்.எம்.முக்குக் குறையாமல் குடிக்கும்.

டேங்க் ஈடுகட்டும் என்று நினைத்தால், கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது கிடைப்பது 100 லிட்டர் காற்று, அதாவது மூன்றரை கன அடி. நிமிடத்துக்கு மூன்றரை கன அடி பற்றாக்குறை என்றால் ஒரே நிமிடத்தில் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு பேட் மந்தமாகும், கை தானாக அழுத்தும், அழுத்தியதும் பேட் இன்னும் நின்றுபோகும். பட்டியில் மேடு பள்ளம் விழுவது இப்படித்தான். இடைவிடாமல் ஓடும் கம்ப்ரசர் சூடாகி, லைனில் தண்ணீரையும் அதிகம் தள்ளும்.

அதனால் உங்களுக்கு என் பரிந்துரை: போனட், கதவு போன்ற பெரிய பரப்புக்கு மின்சார டி.ஏ. வாங்குங்கள். காற்றில் 3 அங்குல மினி டி.ஏ. ஒன்றும், கோண டை கிரைண்டர் (தலை வளைந்த, கைக்கு அடக்கமான சிறு கிரைண்டர்) ஒன்றும் போதும். பின்னாளில் 5 எச்.பி. கம்ப்ரசர் வந்தால் 6 அங்குல ஏர் டி.ஏ.வுக்குப் போகலாம். எடை குறைவு, மோட்டார் சூடாகாது, ஈரத் தேய்ப்பிலும் ஷாக் பயம் இல்லை என்பதெல்லாம் உண்மையான லாபங்கள்தான். காற்று போதாதபோது அவற்றால் பயன் இல்லை.

டி.ஏ. வாங்கும்போது பேட் அளவைவிட முக்கியமானது ஆர்பிட், அதாவது பேட் ஆடும் வட்டத்தின் விட்டம். 5 மி.மீ. ஆர்பிட் என்றால் 80ஆம் நம்பர் பேப்பரில் பட்டியை இறக்குவது, 180, 240, 320இல் பெயிண்ட் ஓரத்தைச் சாய்த்து இழைப்பது எல்லாம் ஓடும். 400க்கு மேல் பிரைமர், கிளியர் கோட் வேலைக்கு 2.5 மி.மீ. வேண்டும். பெரிய ஆர்பிட்டில் நுண்ணிய பேப்பரைப் போட்டால் சுருள் சுருளாகக் கீறல் விழும். பிரைமரில் தெரியாது, கலர் அடித்ததும் பல்லிளிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5 மி.மீ. வாங்குங்கள், நுண்ணிய வேலையைக் கையால் முடித்துக்கொள்ளலாம். சுருள் கீறலுக்கு வேறு காரணங்களும் உண்டு: தூசி அடைத்த பேப்பர், பேட்டைச் சாய்த்துப் பிடிப்பது, சுழலவிட்ட பிறகு பரப்பில் இறக்குவது. பேட்டை வைத்துவிட்டு லீவரை அழுத்துங்கள். தூசி உறிஞ்சும் துளையுள்ள மாடல் என்றால் பேப்பர் நீண்ட நேரம் வெட்டும், நுரையீரலுக்கும் நல்லது. 2கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) தூசிக்கு மாஸ்க் இல்லாமல் நிற்கவே கூடாது.

5 அங்குல பேடை 6 அங்குல சாண்டரில் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் எதிர் எடை அந்தந்த பேடின் எடைக்காகச் செய்தது. மாறினால் அதிர்வு கூடும், பேரிங் போகும்.

கிரைண்டர் பக்கம் வந்தால், 6 மி.மீ. காலட் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள கோண டை கிரைண்டரில் 2 அங்குல ரோலாக் தட்டு (திருகி மாட்டிக் கழற்றும் தேய்ப்புத் தட்டு) போட்டால் வெல்டிங் மேடு, துரு, மூலை முடுக்கு எல்லாம் முடியும். கவனிக்க வேண்டியது வேகம். பல டை கிரைண்டர்கள் சுமையில்லாமல் 20,000 முதல் 25,000 ஆர்.பி.எம். வரை ஓடும், 3 அங்குலத் தட்டுகள் பலவற்றுக்கு அவ்வளவு அனுமதி கிடையாது. தட்டின் முதுகில் உள்ள எண் கிரைண்டரின் எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டு சிதறும். கார்டு (பாதுகாப்பு மறைப்பு) இல்லாத டை கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டுவதும் அதே ஆபத்து. ஸ்பாட் வெல்டை (தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்த வெல்டிங்) எடுக்க 10 மி.மீ. பெல்ட் சாண்டர் அருமையான கருவி, ஆனால் அந்த வேலை அடிக்கடி வந்தால் மட்டும் வாங்குங்கள்.

பாடித் தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ. தான். ஒரே இடத்தில் கிரைண்டரைப் பிடித்தால் தகடு நீலமாகி, நெளிந்துவிடும். இரண்டு மூன்று வினாடிக்கு மேல் ஓரிடத்தில் நிற்காமல் மாற்றி மாற்றிப் போங்கள். பெயிண்டை மட்டும் உரிக்க வேண்டுமென்றால் கல் தட்டு வேண்டாம், பஞ்சு போன்ற நார்த் தட்டு (ஸ்ட்ரிப் டிஸ்க்) போடுங்கள், இரும்பு அவ்வளவாகத் தேயாது. அலுமினியப் பேனலுக்குத் தனித் தட்டுகள் வையுங்கள். இரும்பில் ஓட்டிய தட்டின் துகள் அலுமினியத்தில் பதிந்தால் பெயிண்டுக்கு அடியில் அரிப்பு கிளம்பும்.

ஹோஸ் உள்விட்டம் 10 மி.மீ. இருக்கட்டும். 6 மி.மீ. ஹோஸ் 10 மீட்டர் நீளமானால், நடுவில் 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காணாமல் போகலாம். 90 பி.எஸ்.ஐ. என்பது கருவியின் வாயில், லீவரை அழுத்திய நிலையில் இருக்க வேண்டிய அழுத்தம். அங்கே ஒரு சிறு கேஜ் மாட்டிப் பார்த்து ரெகுலேட்டரை வையுங்கள்.

வேலை தொடங்குமுன் ஏர் டூல் ஆயில் 3, 4 சொட்டு காற்று நுழையும் துளையில் விட்டு, வெளியேறும் துளையைத் துணியால் சுற்றி, பேனலுக்கு அப்பால் பிடித்துச் சில வினாடி ஓட்டுங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரோட்டர் பிளேடுகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் போன ஹோஸை ஸ்ப்ரே கன்னுக்கு மாட்டவே கூடாது, பெயிண்டில் மீன்கண் போலக் குழி விழும். அதற்கென்று தனி ஹோஸ், தனி ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள்.