நாகாவோகாவுக்கு வேலைக்குச் செல்லும் மகள்: ஜப்பானை எங்கிருந்து தெரிந்துகொள்ளத் தொடங்குவது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "இயந்திரப் பொறியியல் முடித்த என் மகளுக்கு ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில், நாகாவோகா நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, டிசம்பரில் புறப்படுகிறாள். டோக்கியோவில் இருக்கும் உறவினர், 'ஒரு கோட்டும் ஸ்வெட்டரும் போதும், பனியெல்லாம் பெரிதாகப் பெய்யாது' என்கிறார். அது சரியா? நாட்டைப் பற்றி அவள் முன்கூட்டியே என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?"

உங்கள் உறவினர் சொல்வது டோக்கியோவுக்குப் பொருந்தும். நாகாவோகாவுக்குச் சிறிதும் பொருந்தாது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டாலே ஜப்பானைப் பற்றிப் பாதி தெரிந்துகொண்டதாகும்.

ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிகொக்கு, கியூஷு என்ற நான்கு பெருந்தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு மலைப்பாங்கான நிலம். ஹொன்ஷு தீவின் நடுவே முதுகெலும்பாக ஓடும் மலைத்தொடர் அதைப் பசிபிக் பக்கம், ஜப்பான் கடல் பக்கம் என இரண்டாகப் பிரிக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்டு வரும் கடுங்குளிர்க் காற்று, வெப்ப நீரோட்டம் பாயும் ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, மலையில் மோதி மேலெழுந்து, அந்த ஈரம் முழுவதையும் கடலோர மாகாணங்களின் மேல் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி டோக்கியோவை அடையும்போது அது மீண்டும் வறண்ட காற்று. ஆகவேதான் ஜனவரியில் டோக்கியோவில் பளிச்சென்று வெயில் அடிக்கும் அதே நாளில், புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்திலுள்ள நாகாவோகாவில் கூரைப்பனியைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் அந்த ஊர் ஏதென்ஸ் நகரத்தைவிடச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 1963 ஜனவரியில் அங்கே தரையில் கிடந்த பனியின் உயரம் 318 செ.மீ.

அந்தப் பனியை ஊரார் கையாளும் விதத்தை உங்கள் மகள் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவார். சாலையின் நடுவே பதித்த குழாய்களின் சிறு துளைகளிலிருந்து நிலத்தடி நீர் பீய்ச்சியடித்துக்கொண்டே இருக்கும். பூமிக்கடியில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 13 டிகிரி வெப்பத்தில் இருக்கும் தண்ணீர் என்பதால் பனி உடனே கரைந்துவிடும். நீரிலுள்ள இரும்பால் சாலைகள் துருப்பிடித்த செம்பழுப்பாக மாறியிருக்கும். 1960களின் தொடக்கத்தில் நாகாவோகாவில் உருவான முறை இது. இதனால் கிடைக்கும் நடைமுறைப் பாடம்: கோட்டைவிட முக்கியமானது காலணி. பனியும் தண்ணீரும் கலந்த சேற்றில் கணுக்கால்வரை நனையும் என்பதால், முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ் தேவை. இங்கிருந்து வாங்கிச் செல்ல வேண்டாம். அங்குள்ள கடைகளில் நல்லதாகக் கிடைக்கும்.

வரலாற்றிலும் இந்த மலைப் பிரிவே பேசுகிறது. தொகுகாவா ஆட்சிக் காலத்தில் (1603-1868) ஒசாகாவிலிருந்து ஹொக்கைடோ வரை சரக்குக் கப்பல்கள் ஜப்பான் கடலோரமாகவே சென்றுவந்தன. நெல் விளையும் நீகாத்தா செழிப்பாக இருந்தது. 1888 கணக்கெடுப்பில் நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த மாகாணம் டோக்கியோ அல்ல, நீகாத்தா. அதன்பின் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் பசிபிக் பக்கம் குவிந்தன. மக்களும் அங்கே நகர்ந்தனர். நீகாத்தாவிலிருந்து வந்து 1972இல் பிரதமரான தனாகா காகுவே, இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதையே தம் அரசியலாக்கினார். 1982இல் மலையைக் குடைந்து வந்த புல்லட் ரயில் பாதை அந்த அரசியலோடு பிணைந்தது. ஊழல் வழக்கும் அவர் கதையில் உண்டு. ஆனாலும் அந்தப் பக்கத்து முதியவர்களிடம் அவரைக் குறைத்துப் பேசாதிருப்பது நல்லது.

நாகாவோகாவுக்கென்று ஒரு கதையும் உண்டு. 1868 உள்நாட்டுப் போரில் தோற்று ஊர் பசியால் வாடியபோது, உறவுடைய மினேயாமா சிற்றரசு நூறு மூட்டை அரிசி அனுப்பியது. அதைப் பங்கிட்டு உண்ணாமல், விற்றுப் பள்ளிக்குச் செலவிடலாம் என்று கொபயாஷி தொராசபுரோ என்ற அதிகாரி முடிவெடுத்தார். ஊர்க்காரர்கள் இதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்; உங்கள் மகளுக்குத் தெரிந்திருந்தால் அலுவலகத்தில் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

சமூக வாழ்க்கையைப் பொறுத்தவரை, "ஜப்பானியர் ஒழுங்கானவர்கள்" என்ற பொதுப் பேச்சால் பயனில்லை. ஒழுங்கு எங்கே உருவாகிறது என்று பார்க்க வேண்டும். அதே மாகாணத்திலுள்ள தகாதாவில், பனிக்காலத்தில் மக்கள் நடப்பதற்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் சொந்த இடத்தில், சொந்தச் செலவில் வாசல் கூரையை நீட்டிக் கட்டி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து கிலோமீட்டர் கணக்கில் மூடிய நடைபாதையாகியிருக்கின்றன. நடுவில் ஒருவர் கட்டாமல் விட்டால் எல்லாருக்கும் வழி அடைபடும். குப்பையைக் குறித்த நாளில், குறித்த பையில், வகை பிரித்து வைப்பதும், தம் வாசல் பனியை அள்ளுவதும் அதே வகையான கடமைகள். தெருவாரியான குடியிருப்போர் சங்கம் இவற்றைக் கவனிக்கும். குடியேறியவுடன் அக்கம்பக்கத்தாரிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது, பின்னால் வரும் பல சிறு தவறுகளுக்கு மன்னிப்பை முன்கூட்டியே வாங்கித் தரும்.

இனி வீடு. முதல் கேள்வி, கட்டட அனுமதி 1981 ஜூன் 1க்குப் பிறகு பெறப்பட்டதா என்பது. அன்றுதான் புதிய நிலநடுக்கத் தாங்குவிதி அமலுக்கு வந்தது. மரவீடு என்றால் 2000க்குப் பிறகு கட்டியது மேல். 2004 அக்டோபர் 23 அன்று இதே வட்டாரத்தில் 6.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு, ஓடிக்கொண்டிருந்த புல்லட் ரயிலே தடம் புரண்டது என்பதால் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. இரண்டாவது, மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க உரிமையாளர் அனுமதிக்கிறாரா என்பது. சிவப்பு நிற 18 லிட்டர் கேன்களில் மண்ணெண்ணெய் வாங்கி அறையைச் சூடாக்குவதே அங்கே பரவலான வழக்கம். பல வாடகை வீடுகளில் அதற்குத் தடை உண்டு; அப்படியானால் வேறு என்ன வசதி என்று கேட்டுக்கொள்ளவும். முன்பணம் தவிர, திரும்ப வராத ஒரு தொகையும் உத்தரவாத நிறுவனக் கட்டணமும் பல இடங்களில் கேட்பார்கள். நிறுவனமே விடுதி தருமானால் முதல் குளிர்காலத்தை அங்கே கழிப்பதே என் பரிந்துரை.

மிக்ஸியைக் கட்டி அனுப்ப வேண்டாம்; அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்மூர் மிக்ஸி சரியாக ஓடாது. வசிப்பிட அட்டையை விமான நிலையத்திலோ பின்னரோ பெற்றாலும், வீட்டில் குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.