குழந்தைகளுக்கான இலவச நிகழ்ச்சிகளுக்கு ஏன் கூட்டம் வருவதில்லை?

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரங்கில், மாதம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, கதை சொல்லல், காகித மடிப்பு, எளிய அறிவியல் சோதனை என்று குழந்தைகளுக்கு இலவசமாக நடத்துகிறோம், நூறு பேர் அமரும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேரே வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லையா, கட்டணம் வைத்தால்தான் மதிப்பார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தோடு சேர்ந்து இதே வகை நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அக்கறை இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை, கட்டணம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை.

உங்கள் நிகழ்ச்சி பிள்ளைக்குத்தான் இலவசம். அழைத்து வருபவருக்கு அப்படி இல்லை. லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் எல்லோரும் இருக்கும் ஞாயிறு காலையில், மீனோ கறியோ வாங்கிக் கழுவி அடுப்பில் ஏற்ற வேண்டிய நேரத்தில், அவர் பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். காந்தி வீதியை ஞாயிறு சந்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு வந்தால் வார இறுதிக்கு வந்த வெளியூர்க் கார்கள் நகரப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் விட்டு வைத்திருக்காது. வண்டி இல்லாதவர் டெம்போவுக்கு இருவர் கட்டணம் கொடுத்து வர வேண்டும். இரண்டு மணி நேர நிகழ்ச்சி என்பதால் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது. எங்கள் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறேன்: உள்ளே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்க, வாசலில் நிறுத்திய வண்டியின் மேலேயே தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த மாதம் வருவீர்களா என்று கேட்டால், "பார்க்கலாம் சார்" என்பார்கள். அந்தப் பதிலுக்குப் பொருள் நமக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் அதனால் எங்கள் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்களிடம் இல்லாதது பேருந்துக் காசு அல்ல, ஒரு முழு முற்பகல். அழைத்து வருபவர்களுக்கும் உள்ளே நாற்காலி போட்டு, புரட்டிப் பார்க்க நான்கு வார இதழ்களை வைத்து, ஒரு தேநீரும் கொடுத்தால் அவர்களில் பலர் மீண்டும் வருகிறார்கள். சிலர் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கவும் முன்வருகிறார்கள்.

வயது வரம்பு இன்னொரு தடை. துண்டறிக்கையில் "8 முதல் 12 வயது வரை" என்று அச்சிட்டுவிடுகிறோம். மீனவர் குப்பங்களிலும், சிப்காட் ஆலைகளில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டுக்குப் போகிறவர்களின் வீடுகளிலும், பத்து வயதுப் பெண் பிள்ளைதான் சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். தேவனாம்பட்டினத்தில் ஒரு நிகழ்ச்சியில் அப்படி ஒரு சிறுமி, இடுப்பில் தம்பியோடு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு, "இவன விட்டுட்டு வர முடியாதுண்ணா, இவன் அழுவான்" என்றாள். அவளை அனுப்பிவிட்டால் அவளோடு வந்த இரண்டு தோழிகளும் போய்விடுவார்கள். நாம் ஒருவரைத் திருப்பி அனுப்பியதாக நினைப்போம், போவது நான்கு பேர். ஒரு மூலையில் பாய் விரித்து, வண்ணச் சுண்ணக்கட்டிகளைப் போட்டு, கல்லூரி மாணவர் ஒருவரை உட்கார வைத்தால் இது தீர்ந்துவிடும்.

ஆனால் முதலில் மாற்ற வேண்டியது இடம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் அரங்குக்கு வடக்கே குருசுக்குப்பமும் தெற்கே வம்பாக்கீரப்பாளையமும் நடந்து வரும் தொலைவில் இருக்கின்றன. அங்கிருந்து பிள்ளைகள் வருகிறார்களா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தொலைவு காரணம் அல்ல. சுற்றுலாப் பயணிகளுக்கும் வெள்ளைச் சுவர்களுக்கும் நடுவே இருக்கும் கட்டடத்தைத் தங்களுக்கு உரியதாக அவர்கள் நினைக்கவில்லை என்று கொள்ளலாம். 2021 அக்டோபரில் மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் தங்கள் குடியிருப்பிலேயே மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் வகுப்பு எடுத்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே நடந்து வந்தார்கள். யாரும் அழைத்து வர வேண்டியிருக்கவில்லை. மே மாதத்தில் தேவாலயங்கள் நடத்தும் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகம வகுப்புகளுக்குப் பிற மதத்துப் பிள்ளைகளும் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது தெருவிலேயே நடக்கிறது, பாட்டு இருக்கிறது, தின்பண்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடர்ந்து பல நாட்கள் நடக்கிறது. முதல் நாள் போன பிள்ளை இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறது. மாதம் ஒருமுறை என்றால், போன பிள்ளைக்கே மறந்துவிடும். ஆண்டு முழுவதும் பன்னிரண்டு ஞாயிறுகள் நடத்துவதைவிட, கோடை விடுமுறையில் ஒரே தெருவில் ஐந்து மாலைகள் நடத்துவது மேல்.

இலவசம் என்றாலே பெற்றோர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. இலவசப் பயிலரங்கு என்று அழைத்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் பயிற்சி மையத்தின் கட்டண அட்டவணையை நீட்டுகிறவர்களையும், பதிவுத் தாளில் வாங்கிய எண்ணுக்கு மறுவாரமே மனை விற்பனை அழைப்பு வருவதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கைப்பேசி எண்ணைக் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் எதற்கு என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். சிறப்பு விருந்தினரைத் தயவுசெய்து அழைக்காதீர்கள். அவர் வரும்வரை பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, பதாகைக்கு முன்னால் படம் எடுத்து, பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. சான்றிதழ் கொடுத்தால் கூட்டம் வரும், உண்மைதான். மாறுவேடப் போட்டிக்கு அரங்கு நிரம்புவது அதனால்தான். அந்தக் கூட்டம் எனக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன், உங்கள் விருப்பம் வேறாக இருக்கலாம்.

நாள் குறிப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த ஞாயிறு என்றால் ஊரே கல்யாண மண்டபத்தில் இருக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் இந்தி பிரச்சார சபைத் தேர்வுகள் வரும். மாசி மகத்தன்று கடற்கரைப் பக்கம் எதையும் நடத்த முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பார்கள், அதற்குப் பிறகு கிடைக்கும் ஒரே ஞாயிற்றையும் நீங்கள் கேட்டால் பிள்ளையே வர மறுக்கும்.

அறிவிப்பைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் விழும் கட்டை விரலை வருகைப் பதிவாக எண்ண வேண்டாம். பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் ஒரு வரி சொன்னால் அது பிள்ளை வழியாக வீட்டுக்குப் போகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். அந்தத் தாய்மார்கள் இருவர் முந்தின நாள் மாலை வீடு வீடாக நினைவூட்டினால் அதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை. கட்டணத்துக்குப் பதிலாக, வரும்போது பழைய செய்தித்தாள் ஒன்றும் காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றும் கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் நாள் இரவே அவற்றை எடுத்து வைத்த பிள்ளை, காலையில் வீட்டாரைத் தூங்க விடாது. நூறு ரூபாய் கட்டணம் வைத்தால் அடுக்ககங்களிலிருந்து சிலர் தவறாமல் வருவார்கள், குப்பத்துப் பிள்ளைகள் வரவே மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கேட்கத் தோன்றுகிறது: பன்னிரண்டு பேர் குறைவு என்று யார் சொன்னது? காகித மடிப்பை ஒருவர் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கற்றுத்தர முடியாது. பின்வரிசைப் பிள்ளையின் மூன்றாவது மடிப்பு தவறியதைப் பார்ப்பதற்குள் முன்வரிசைப் பிள்ளை கொக்கை முடித்துப் பறக்கவிட்டிருக்கும். நூறு நாற்காலிகள் சுற்றிக் கிடப்பதால்தான் அது உங்களுக்குக் குறைவாகத் தெரிகிறது. அரங்கு வாடகையை மிச்சப்படுத்தினால் அந்தப் பணத்தில் குருசுக்குப்பத்தில் ஐந்து மாலைகளுக்குப் பாய், காகிதம், சுண்டல் எல்லாம் ஆகிவிடும்.