குவித்த பிறகு பிரிக்க முடியாது

கேள்வி: வெள்ளம் வடிந்துவிட்டது. வீணானதை எல்லாம் வாசலில் கொட்டினால் லாரி அள்ளிப் போகாதா? பிரித்து வைக்கச் சொல்வது ஏன்?

பதில்: அள்ளிப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தொல்லை. ஒரு பூச்சிமருந்து டப்பா உடைந்து கலந்தால், மறுபடி உதவக்கூடிய செங்கலும் மரமும் அபாயக் கழிவாகிவிடும். ஜிப்சம் பலகை ஈரக்குப்பையோடு புதைந்து காற்றில்லாமல் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சுவாயு அது.

அதனால் தொடக்கத்திலேயே தனித்தனியாகப் போடுங்கள்: மரக்கிளை, செங்கல், கான்கிரீட், ஓடு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பெயிண்ட், அமிலம், பேட்டரி, பூச்சிமருந்து, ஊறிப்போன மெத்தை, துணி. மெத்தையைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும். ஈரம் காயாவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். உணவு அழுகிய ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க வேண்டாம். கதவைச் சுற்றி டேப் ஒட்டி, நிமிர்த்தியே வையுங்கள். செம்புக்கு ஆசைப்பட்டுக் குழாயை வெட்டுகிறவர்கள் உண்டு. உள்ளிருக்கும் குளிரூட்டி வாயு வெளியேறிவிடும், வெட்டாதீர்கள்.

மின்கம்பத்தின் அடியிலும் கம்பிக்குக் கீழேயும் குவிக்கக் கூடாது. அள்ளும் இயந்திரத்தின் கை சுழல இடம் வேண்டும். வடிகால் வாயில் குவித்தால் அடுத்த மழைக்கே தண்ணீர் திரும்பி வரும். இழப்பீடு கேட்பதாக இருந்தால், எதையும் நகர்த்தும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆஸ்பெஸ்டாஸ் கூரை நொறுங்கிக் கிடக்கிறது. துணி மாஸ்க் போதுமா?

பதில்: போதாது, சர்ஜிக்கல் மாஸ்க்கும் உதவாது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தி, நுண்தூசியையும் வடிகட்டும் பி100 (P100) அல்லது எஃப்எஃப்பி3 (FFP3) தர மாஸ்க் வேண்டும். உரிமம் பெற்றவர்கள்தான் அகற்றலாம் என்று சட்டம் இருந்தால் அவர்களிடமே விடுங்கள். மற்ற இடங்களில், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த நீரை மெதுவாகத் தெளித்து, மேலும் உடைக்காமல் எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று கட்டி, மேலே ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்று எழுதுங்கள். உலர்ந்த துகளைப் பெருக்குவதுதான் மிகப் பெரிய தவறு. நுண்ணிய ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் காற்றில் ஏறிவிடும்.

கேள்வி: விழுந்த மரங்களை எரித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இடையில் கரையான் அரிக்காதிருக்க மருந்தேற்றிய பழைய பலகை கலந்திருந்தால் சாம்பலில் ஆர்செனிக் என்ற நச்சு தங்கக்கூடும். இயந்திரத்தில் சிறு சிறு துண்டுகளாக (சிப்) நறுக்கினால் கன அளவு ஏறக்குறைய கால்பங்காகும். ஆனால் அந்தக் குவியல் உள்ளே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. உயரத்தை 4.5 மீட்டருக்குள் வைத்து, குவியல்களுக்கு நடுவே தீயணைப்பு வண்டி நுழைய வழி விடுங்கள்.