கார்னகியின் நூலகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக பிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். எஃகு ஆலை அதிபர் கார்னகி, ராக்ஃபெல்லர், வாண்டர்பில்ட் போன்ற பழைய அமெரிக்கப் பெருமுதலாளிகளைப் பற்றி எழுதும்போது ‘கொள்ளைக்காரப் பிரபுக்கள்’ என்ற பட்டப்பெயரை நீங்களும் அப்படியே சொல்லியிருந்தீர்கள். அது என்னை உறுத்துகிறது. சனிக்கிழமைதோறும் என் மகளை இங்கே ஓக்லாந்து பகுதியில் உள்ள கார்னகி நூலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். வாசலுக்கு மேலே ‘மக்களுக்கு இலவசம்’ என்று கல்லில் செதுக்கியிருக்கிறது. கை கொள்ளாத புத்தகங்களோடு வீடு திரும்புகிறாள். சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுப் போனவரைக் கொள்ளைக்காரர் என்பது நியாயமா? அந்தப் பணத்தைக் கூலியாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் சாப்பாட்டிலும் குடியிலும் கரைந்திருக்கும், நூலகம் வந்திருக்காது என்கிறார் என் நண்பர். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கா., பிட்ஸ்பர்க்

அன்புள்ள கா.,

உங்கள் நண்பர் சொன்ன வாதம் கார்னகியுடையதேதான். 1889ல் செல்வத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். பணக்காரனாகவே சாவது அவமானம் என்ற புகழ்பெற்ற வரி அதில்தான் வருகிறது. எல்லோரும் அந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார்: மிகுதியான செல்வம் சிறு சிறு தொகையாகப் பல பேர் கைக்குப் போவதைவிட, சிலர் கையில் சேர்ந்து அவர்களுடைய அறிவின் வழியாக ஊருக்குச் செலவாவதே ஊருக்கு நல்லது. எனக்கு அவரோடு சண்டை இந்த இடத்தில்தான்.

அவர் ஏழ்மையை ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் ஊரில் அப்பா கைத்தறி நெசவாளர். நீராவித் தறி வந்து அந்தத் தறியை நிறுத்தியது. 1848ல் கடன் வாங்கிக் கப்பலேறினார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பருத்தி ஆலையில் நூல்கண்டு மாற்றும் வேலை, வாரம் 1.20 டாலர் கூலி. அப்புறம் தந்தி கொண்டுபோகும் பையன். அந்த நாட்களில் கர்னல் ஆண்டர்சன் என்ற பெரியவர் தன்னிடமிருந்த நானூறு புத்தகங்களை உழைக்கும் பையன்களுக்காகத் திறந்துவைத்தார், அதுவும் சனிக்கிழமைகளில்! கார்னகி அந்த நன்றியைச் சாகும்வரை மறக்கவில்லை. உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் அந்த நன்றியிலிருந்து வந்தவை. அதை நான் சந்தேகப்படவே இல்லை.

சரி, அவருடைய எஃகு ஆலை இருந்த ஹோம்ஸ்டெட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

1886ல் கார்னகி இன்னொரு கட்டுரையில் தொழிற்சங்கங்களுக்கு ஆதரவாகவே எழுதியிருந்தார். அடுத்தவன் வேலையைப் பறிக்காதே என்பது நல்ல தொழிலாளர்களிடையே எழுதப்படாத சட்டம் என்றார். கருங்காலிகளைக் கொண்டுவந்து வேலைநிறுத்தத்தை உடைப்பதைக் கண்டித்து ஒரு முதலாளியே எழுதியது அன்றைக்குப் பெரிய விஷயம். ஆறே வருடத்தில், 1892 கோடையில், அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தம் முடிந்தது. நிர்வாகி ஹென்றி ஃப்ரிக் கூலிவிகிதத்தைக் குறைக்கச் சொன்னார், சங்கம் மறுத்தது. ஆலையைச் சுற்றி முள்கம்பி வைத்த உயரமான வேலி எழுந்தது, கதவடைப்பு வந்தது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். ஃப்ரிக் எதைச் செய்தாலும் தனக்குச் சம்மதம் என்று அவர் முன்பே கடிதம் எழுதியிருந்தார்.

ஜூலை 6 விடியற்காலையில், பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுமார் முந்நூறு பேர், துப்பாக்கிகளோடு இரண்டு பெரிய தோணிகளில் மொனோங்கஹேலா ஆற்றில் வந்து சேர்ந்தார்கள். ஊரே கரைக்கு ஓடியது. பகல் முழுக்கச் சண்டை. இரு பக்கமும் சேர்த்துக் குறைந்தது பத்து உயிர்கள் போயின. வந்தவர்கள் சரணடைந்தபோது கூட்டம் அவர்களைக் கொடூரமாக அடித்தது, அதையும் சொல்ல வேண்டும். சில நாட்களில் ஆளுநர் அனுப்பிய 8,500 மாநிலப் படையினர் ஊருக்குள் வந்தார்கள். அவர்கள் காவலில் புதிய ஆட்கள் ஆலைக்குள் போனார்கள். சங்கத் தலைவர்கள்மேல் ராஜதுரோக வழக்குப் போடப்பட்டது. ஒருவர்மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் நவம்பருக்குள் சங்கம் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கும்போதுதான் அந்தப் பட்டப்பெயரை யோசிக்காமல் எடுத்துக்கொண்டது என் தவறு என்று பட்டது. அதைத் திரும்பப் பெறுகிறேன். கார்னகியைக் காப்பாற்றுவதற்காக அல்ல. கொள்ளை என்றால் சட்டத்தை மீறுவது. ஹோம்ஸ்டெட்டில் மாநிலப் படையும் அரசு வழக்குகளும் ஆலையின் பக்கம் நின்றன. அமெரிக்காவின் அந்தக் காலத்தை வெறும் திருட்டு என்று சொல்லிவிட்டால் இது கண்ணில் படாமலே போகும். தவிர, அவர் உண்மையாகவே ஒன்றை உருவாக்கினார். 1870களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுத் தண்டவாளம் நூறு டாலருக்கு மேல் விற்றது, 1898ல் இருபது டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ஒவ்வொரு உலையின் செலவையும் கணக்குப் பார்த்துப் பார்த்துக் குறைத்த அவருடைய ஆலைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ரயிலும் பாலமும் உயரமான கட்டிடங்களும் அந்த மலிவான எஃகில் எழுந்தவை.

குறைத்த செலவில் மனிதர்களின் நேரமும் இருந்தது. சங்கம் போனபின் ஹோம்ஸ்டெட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான் வழக்கமானது. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறும் வாரத்தில் இருபத்துநான்கு மணி நேரம் தொடர்ந்து உலை முன்னால் நிற்க வேண்டும். சாதாரணக் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை டாலர் அளவில் கிடைத்தது. 1900ல் கார்னகியின் சொந்த லாபப் பங்கு சுமார் இரண்டரைக் கோடி டாலர், அன்று வருமான வரியும் கிடையாது. அடுத்த வருடமே வங்கியாளர் ஜே. பி. மார்கனின் ஏற்பாட்டில் 48 கோடி டாலருக்கு எல்லாவற்றையும் விற்றார்.

இதற்கு நடுவில், 1898ல், ஹோம்ஸ்டெட் தொழிலாளர்களுக்காக ஒரு நூலகம் திறந்தார். அழகான கட்டிடம், இசையரங்கும் நீச்சல்குளமும் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் உருகிய எஃகின் முன்னால் நின்று, வீட்டுக்கு நடந்து, சாப்பிட்டுப் படுக்கும் மனிதன் எந்த நேரத்தில் புத்தகத்தைத் திறப்பான்? கா., உங்கள் நண்பரிடம் இதைத்தான் கேட்க விரும்புகிறேன். அந்தக் கூலி சாப்பாட்டில் கரைந்திருக்கும் என்கிறார். கரைந்தால் என்ன? அவன் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டிருக்கும், பத்து வயதில் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கும். தனக்கு என்ன தேவை என்று அந்த மனிதனுக்குத் தெரியாது, கார்னகிக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைய பெருஞ்செல்வர்கள் பாதிச் சொத்தைக் கொடுக்கிறோம் என்று உறுதி எடுக்கும்போதும் எனக்கு இதே கேள்விதான் வருகிறது: எந்த ஊருக்கு எது தேவை என்று யார் முடிவெடுக்கிறார்கள்?

அமெரிக்க எஃகு ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஒழிந்தது 1923ல்தான். கார்னகி இறந்து நான்கு வருடமாகியிருந்தது. அவருடைய ஆலைகளை வாங்கிய யு. எஸ். ஸ்டீல் சங்கத்தை ஏற்றுக்கொண்டது 1937ல். ஹோம்ஸ்டெட் மண்ணில் தோற்றதைத் திரும்பப் பெற அந்தத் தொழிலாளர்களுக்கு நாற்பத்தைந்து வருடம் ஆனது.

ஓக்லாந்து நூலகத்துக்கு மகளைத் தொடர்ந்து கூட்டிப்போங்கள். ஒரு சனிக்கிழமை ஹோம்ஸ்டெட் பக்கமும் போய் வாருங்கள். ஆலை 1986ல் மூடிவிட்டது. அந்த இடம் இப்போது கடைவீதி, புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. தோணிகள் ஒதுங்கிய இடத்தில் பழைய பம்ப் ஹவுஸ் கட்டிடம் இன்னும் இருக்கிறது. மேலே மேட்டில் அந்த நூலகமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் அவளுக்குக் காட்டுங்கள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்