நாற்பது பேர் இருக்கும் ஆறாம் வகுப்பை ஆங்கிலம் பேச வைப்பது எப்படி?

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் பாடத்தைச் சத்தமாக வாசிக்கிறார்கள், வினா விடையை மனப்பாடமாக எழுதுகிறார்கள், சொந்தமாக ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் மட்டும் வகுப்பே தலையைக் குனிந்துகொள்கிறது என்கிறார். நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆங்கிலம் கற்பிப்பவன். என் வகுப்பில் பயன் தந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பேச வேண்டிய தேவை இல்லாத இடத்தில் பிள்ளைகள் பேசமாட்டார்கள். பிள்ளையின் பெயரை நன்றாக அறிந்த ஆசிரியரே எழுந்து நின்று "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்கும்போது, அது கேள்வியல்ல, சோதனை என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. எனவே ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாதபடி ஏற்பாடு செய்வதுதான் நம் முதல் வேலை. நான் அதிகம் பயன்படுத்துவது பேருந்து நேர அட்டவணை. தருமபுரியிலிருந்து பாலக்கோடு, அரூர், ஒகேனக்கல், காரிமங்கலம் ஆகிய ஊர்களுக்குப் புறப்படும் நேரங்களை நீங்களே கற்பனையாக எழுதி, ஒரு தாளில் இரண்டு ஊர்களின் நேரத்தையும் இணைத்தாளில் மற்ற இரண்டு ஊர்களின் நேரத்தையும் வெற்றிடமாக விடுங்கள். இருவரும் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்து, தாளைக் காட்டாமல், ஆங்கிலத்தில் கேட்டே வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். ஒரே நேரத்தில் இருபது இணைகள் பேசுவதால் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. கூச்சம் அங்கேயே பாதி போய்விடுகிறது. சத்தம் கட்டாயம் எழும் என்பதால் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முக்கியமான இடத்தில் ஒருவர் வாசலில் வந்து நிற்பார்.

இதை அப்படியே தொடங்கினால் பிள்ளைகள் இரண்டாவது நிமிடத்தில் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். ஆகவே "வாட் டைம் டஸ் த பஸ் டு அரூர் லீவ்?" என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் முழுதாக எழுதி, எல்லோரும் சேர்ந்து சொன்ன பின் ஒவ்வொரு சொல்லாக அழித்துக்கொண்டே வாருங்கள். பலகை வெறுமையாகும் நேரத்தில் வாக்கியம் அவர்கள் வாயில் இருக்கும். இலக்கணத்தை விளக்குவதைவிட இது விரைவாக வேலை செய்வதாகவே நான் கருதுகிறேன்.

எழுத்துப் பயிற்சிக்கு ஓட்டச் சொல்வதெழுதுதல் நல்லது. நான்கைந்து வரிகள் கொண்ட ஒரு பத்தியை வராந்தாத் தூணில் ஒட்டிவிட்டு, குழுவில் ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியை மனத்தில் வாங்கிவந்து சொல்ல, மற்றவர்கள் எழுதுவார்கள். அடுத்த வரிக்கு வேறொருவர் ஓடுவார். தொடக்கப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்கீழ் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் படித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சுக்கு வந்துவிடுகிறார்கள். பெயர் சொல்லாமல் அந்த நிலைகளை மனத்தில் வைத்து, தடுமாறுபவருக்கு மிகச் சிறிய வரி வரும்படி ஒழுங்கு செய்யலாம். வாசிக்கவே வராத சிலருக்கு, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த முறை உதவும்: ஆசிரியர் கட்டளை சொல்ல, பிள்ளை பேசாமல் செய்து காட்டுவது. பேச்சு பிறகு வரட்டும் என்று விட்டுவிடுவதே அதன் அடிப்படை.

உச்சரிப்பில் நம் பிள்ளைகளுக்குச் சில தடைகள் தாய்மொழியிலிருந்தே வருகின்றன. மெய்யெழுத்தில் சொல் தொடங்காத பழக்கத்தால் "இஸ்கூல்" என்கிறார்கள். பாம்பு சீறுவதுபோல் "ஸ்ஸ்ஸ்" என்று நீட்டிவிட்டுக் "கூல்" என்று சேர்க்கச் சொன்னால் முன்னால் நிற்கும் இகரம் உதிர்ந்துவிடும். "சீட்", "ஷீட்" போன்ற இணைச்சொற்களுக்கு, நான் சொல்லும்போது ஒன்றுக்கு இடக்கையும் மற்றொன்றுக்கு வலக்கையும் தூக்கச் சொல்வேன். காது பழகிய பிறகே வாயைத் திருத்த முடியும். எங்கள் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகள் நிறைய. அம்மொழிகளில் வல்லோசைக்கும் (p, k போல) அதன் அதிர்வொலிக்கும் (b, g போல) தனித்தனி எழுத்துகள் இருப்பதால், தமிழ்ப் பிள்ளைகள் குழம்பும் ஒலிகளை அவர்கள் எளிதில் பிரித்துச் சொல்கிறார்கள். அவர்களையே இணையில் வழிநடத்துபவர்களாக வைக்கிறேன். தமிழ்ப் பாடத்தில் பின்தங்கும் ஒரு பிள்ளை இங்கே முன்னிற்பது வகுப்புக்கும் நல்லதே. கர்நாடக எல்லை உங்களுக்கும் அருகில்தானே, உங்கள் வகுப்பிலும் அப்படிச் சிலர் இருக்கலாம்.

வகுப்பில் தமிழே கூடாது என்ற கண்டிப்பு எனக்கு உடன்பாடில்லை. விளையாட்டின் விதியைத் தமிழில் ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, விளையாட்டை மட்டும் ஆங்கிலத்தில் நடத்துங்கள்.

பிழை திருத்துவதில்தான் பெரும்பாலான வகுப்புகள் உறைந்துபோகின்றன. "மை ஃபாதர் ஃபார்மர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், நடுவில் "இஸ்" எங்கே என்று அதட்டாமல், "ஓ, யுவர் ஃபாதர் இஸ் எ ஃபார்மர்! வாட் டஸ் ஹி க்ரோ?" என்று பேச்சைத் தொடருங்கள். "அப்பா விவசாயி" என்று வினைச்சொல் இல்லாமலே முழு வாக்கியம் அமையும் மொழியிலிருந்து வரும் பிள்ளை அது. கவனக்குறைவால் வந்த பிழையல்ல. வகுப்பில் சுற்றிவரும்போது காதில் விழும் பிழைகளைச் சீட்டில் குறித்து, கடைசி ஐந்து நிமிடத்தில் யாருடையது என்று சொல்லாமல் மூன்றை மட்டும் பலகையில் எழுதுங்கள். திருத்தத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும். மூன்றுக்கு மேல் எழுதினால் ஒன்றும் நிற்பதில்லை.