நாலரை நிமிட லாபம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எழுபதுகளின் கடைசியில் என் அப்பா வளைகுடாவுக்குப் போனது போயிங் 707-ல். நான் இப்போது திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் போய்வருவது ஏர்பஸ் 320-ல். விமானத்தின் வேகம் கூடியதாகவே தெரியவில்லை. வேகத்தைக் கூட்டினால் நாளுக்கு ஒரு நடை கூடுதலாக ஓட்டலாம், டிக்கெட்டும் குறையுமே? போன முறை 20 நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டோம். அப்படியானால் டிக்கெட்டில் போடும் நேரமே பொய்தானா?

ர., மார்த்தாண்டம்

அன்புள்ள ர.,

நீங்கள் கவனித்தது சரி. சொல்லப்போனால் 707 இன்றைய 320-ஐ விடச் சற்று வேகமாகவே பறக்கக்கூடியது. இறக்கை பின்னோக்கி அதிகம் சாய்ந்திருந்தால், அதிவேகத்தில் காற்றுத்தடை ஏறுவது தள்ளிப்போகும். 707-இன் இறக்கை 35 பாகை பின்சாய்ந்தது, 320-இன் இறக்கை 25 பாகைதான். 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் கணக்கு மாறிவிட்டது. விமானத்தை வடிவமைப்பவர்கள் அதன்பின் வேகத்தைத் தேடவில்லை, எரிபொருள் மிச்சத்தைத் தேடினார்கள்.

320 வழக்கமாகப் பறப்பது ஒலிவேகத்தில் 0.78 பங்கில். அதன் உச்சவரம்பு 0.82. வரம்பை நெருங்க நெருங்க இறக்கையின் மேற்புறத்தில் அதிர்வலை (ஒலிவேகத்தைத் தாண்டும் காற்று திடீரென்று அழுந்தும் இடம்) வலுத்து, காற்றுத்தடை மளமளவென்று ஏறும். அந்தச் செலவைப் பொறுத்துக்கொண்டு 0.80-ல் ஓட்டினால் என்ன கிடைக்கும்? துபாய் சுமார் 2,900 கி.மீ. ஏறவும் இறங்கவும் 400 கி.மீ. போக, மிச்சம் 2,500 கி.மீ. மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் மூன்று மணிநேரம். அதில் மிச்சமாவது நாலரை நிமிடம். சென்னைக்கு 600 கி.மீ.தான் என்பதால் அரை நிமிடம்கூட மிஞ்சாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்குச் சுமார் 460 கி.மீ.) என்ற வரம்பு வேறு இருக்கிறது. வடசேரியிலிருந்து தம்பானூர் போகும் பஸ்ஸை ஆளில்லாத இடத்தில் விரட்டி என்ன பயன்? உங்கள் ஊரிலும் களியக்காவிளையிலும் பாலராமபுரத்திலும் நின்றுதானே ஆகவேண்டும்.

கூடுதல் நடை என்ற ஆசையும் இங்கேதான் உடைகிறது. துபாய் போக நாலேகால் மணிநேரம், அங்கே ஒரு மணிநேரம், திரும்ப நாலு, இங்கே ஒரு மணிநேரம் என்று வைத்தால் ஒரு நடைக்குப் பத்தேகால் மணிநேரம். நாளுக்கு இரண்டு நடைக்கே இருபதரை மணிநேரம் போய்விடும். நாலு பறத்தலிலும் சேர்த்து 18 நிமிடம் மிச்சம் பிடித்தாலும் மூன்றாவது நடைக்கு அது எந்த மூலைக்கு? அரை நடை என்று ஒன்று கிடையாது. விமானிகளின் பணிநேர வரம்பும், போய் இறங்கும் விமான நிலையத்தில் ஒதுக்கிய நேரமும் அப்படியே இருக்கின்றன.

உண்மையில் நேரம் கசிவது தரையில். உள்நாட்டுச் சேவையில் 320-ஐ அரைமணி நேரத்தில் திருப்பி அனுப்பவேண்டும். அதற்குள் 180 பேர் இறங்கி, துப்புரவு முடிந்து, எரிபொருள் ஏறி, அடுத்த 180 பேர் உட்கார்ந்தாக வேண்டும். பெட்டியைப் போட்டுவிட்டு ஒருவர் விமானம் ஏற வராவிட்டால் அந்தப் பெட்டியை வயிற்றுப்பகுதியில் தேடி இறக்கியே தீரவேண்டும், அது பாதுகாப்பு விதி. பத்துப் பதினைந்து நிமிடம் அதிலேயே போய்விடும். 0.80-ல் பறந்து சேர்க்கும் லாபத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இது. காலையில் இப்படிப் பிந்திய விமானம் அன்று ராத்திரிவரை பிந்திக்கொண்டே போகும்.

அதனால்தான் டிக்கெட் நேரத்தில் கொஞ்சம் இடம் விடுகிறார்கள். அது பறக்கும் நேரம் அல்ல. நிற்கும் விமானம் உருளாமல் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி வைப்பது வரையிலான 'பிளாக் டைம்'. சராசரியை அப்படியே அச்சடித்தால் ஏறத்தாழப் பாதி விமானங்கள் பிந்தும். பருவக்காற்றையும் பார்க்கவேண்டும்: ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்குமேல் அந்த உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பலமான காற்று வீசுகிறது. கீழே அடிக்கும் தென்மேற்குக் காற்றுக்கு நேர் எதிர். துபாய் போகும்போது அது தள்ளிவிடும், திரும்பும்போது மறிக்கும். ஆகவே பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்படிக் கூட்டிப் போடும் நேரம் அளவுக்கு மீறினால், முன்னதாக வந்த விமானம் நிற்க இடம் காலியாகாமல் ஓடுபாதைக்கு வெளியே காத்துக்கிடக்க நேரும், எரிபொருளும் வீண்.

அப்படியானால் வேகம் எதற்கு? பிந்தும்போது எடுத்துச் செலவழிக்க. புறப்படும் முன் விமானி கணினியில் 'காஸ்ட் இன்டெக்ஸ்' என்ற எண்ணைப் பதிகிறார். ஊழியர், பராமரிப்பு போன்ற நேரத்தோடு ஏறும் செலவை எரிபொருள் விலையால் வகுத்து வருவது அது. பூஜ்யம் என்றால் மிகக் குறைந்த எரிபொருளில் போகும் வேகம். இணைப்பு விமானத்தைப் பிடிக்கவேண்டியவர்கள் பலர் இருந்தால் எண்ணைக் கூட்டுவார்கள். எதிர்க்காற்றில் சற்று வேகமாகவும் பின்காற்றில் சற்று மெதுவாகவும் பறப்பதே சிக்கனம் என்பதையும் கணினியே பார்த்துக்கொள்ளும்.

வேகத்துக்குக் காசு கொடுக்க விமான நிறுவனங்கள் தயாராக இல்லை என்பது 2002-லேயே தெரிந்துவிட்டது. 15 முதல் 20 சதவீதம் வேகம் கூடிய 'சோனிக் குரூஸர்' திட்டத்தை போயிங் அந்த ஆண்டு டிசம்பரில் கைவிட்டு, எரிபொருளை மிச்சம் பிடிக்கும் 787-க்குத் திரும்பியது. தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு 530 கி.மீ. மணிக்கு 510 கி.மீ. ஓடும் ஏ.டி.ஆர். என்ற விசிறி வைத்த சிறு விமானம் அங்கே ஜெட்டைவிடக் கால்மணி, இருபது நிமிடமே பிந்தும். எரிபொருளோ மிகக் குறைவு.

இன்னொன்று. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் திருவனந்தபுரம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அன்று மாலை சுமார் ஐந்து மணிநேரம் விமானங்கள் இறங்கவோ ஏறவோ முடியாது. அந்த நாட்களில் டிக்கெட் எடுத்திருந்தால், மார்த்தாண்டத்திலிருந்து கிளம்பும் முன் புதிய நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.