பழைய பில்லிங் சாதனங்கள் வாங்கலாமா? கேள்வி பதில்

கடைகளின் கல்லா மேசையில் இருக்கும் பிரிண்டர், ஸ்கேனர், தொடுதிரைக் கணினி ஆகியவற்றைப் பிரித்துப் பழுதுபார்ப்பது 15 ஆண்டுகளாக என் பிழைப்பு. புதுப்பித்த சாதனங்களை வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

முதல் கடை தொடங்குகிறேன். செலவைக் குறைக்க எல்லாவற்றையும் பழையதாகவே வாங்கிவிடலாமா?

எல்லாவற்றையும் வேண்டாம். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்க முடிகிற பொருளைப் பழையதாக வாங்கலாம், அளக்க முடியாததை வாங்கக் கூடாது. இதுதான் என் கணக்கு. கல்லாப்பெட்டி வெறும் இரும்புப் பெட்டி, தைரியமாக வாங்குங்கள். ரசீது பிரிண்டரைச் சோதித்து வாங்கலாம். ஸ்கேனர் என்றால் வகை தெரிந்து வாங்க வேண்டும். தொடுதிரைக் கணினியில் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. கார்டு இயந்திரத்தைத் தொடவே தொடாதீர்கள். காரணங்கள் கீழே வருகின்றன.

ஒருவர் 'புதுப்பித்தது' என்கிறார், இன்னொருவர் 'சோதித்த பழையது' என்கிறார். 'ஏ கிரேடு' என்றும் ஒன்று இருக்கிறது. எதை நம்புவது?

சொல்லை நம்பாதீர்கள், என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். காகிதம் இழுக்கும் உருளையை மாற்றினீர்களா, ஹெட் (பிரிண்டரில் அச்சடிக்கும் பகுதி) மாற்றினீர்களா, கணினியின் வட்டு புதியதா? "எல்லாம் பார்த்தாயிற்று" என்று மட்டும் பதில் வந்தால், துணியால் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள். கிரேடு என்பது பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண். மஞ்சளடித்த பிளாஸ்டிக் நன்றாகவே அச்சடிக்கும்.

நானே ஏமாந்திருக்கிறேன். கண்ணாடிபோல மின்னிய ஒரு பிரிண்டரை வாங்கிவந்து மூடியைத் திறந்தால், காகிதத்தை இழுக்கும் ரப்பர் உருளையும் அதேபோல மின்னியது. ரப்பர் இறுகிப்போனால் அப்படித்தான் பளபளக்கும். காகிதம் வழுக்கியது, எழுத்துகள் நசுங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அன்றிலிருந்து விரல் நகத்தால் உருளையை அழுத்திப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

தெர்மல் பிரிண்டரை, அதாவது மையில்லாமல் சூட்டால் ரசீது அச்சடிப்பதை, கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலான மாடல்களில், காகிதம் நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டால் சுயசோதனைச் சீட்டு வரும். இணைப்பு வகை, வேகம், அமைப்புகள் எல்லாம் அதில் இருக்கும். பத்திரப்படுத்துங்கள், பின்னால் உதவும்.

அடுத்து முழுக் கறுப்பாக ஒரு பட்டை அச்சடிக்கச் சொல்லுங்கள். அதில் நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால், ஹெட்டில் ஒரு புள்ளி செத்திருக்கலாம், அல்லது அழுக்கு ஒட்டியிருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, காய்ந்தபின் மறுபடி அச்சடியுங்கள். கோடு மறைந்தால் அழுக்கு. அதே இடத்தில் நின்றால் புள்ளி போய்விட்டது, இனி ஒவ்வொரு ரசீதிலும் அந்தக் கோடு வரும். எழுத்தில் கண்டுகொள்ள மாட்டீர்கள். பார்கோடின் ஒரு பட்டைமேல் விழுந்தால் ஸ்கேனர் படிக்காது.

கறுப்புப் பட்டை அடிக்கும்போது பிரிண்டர் திணறினாலோ அணைந்து எழுந்தாலோ அடாப்டர்மீதும் சந்தேகப்படுங்கள். ஹெட்டின் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் சூடாகும்போதுதான் அதிக மின்சாரம் தேவைப்படும்.

ஓட்டத்தைக் காட்டும் கணக்கு அதில் உண்டா?

பல மாடல்களில் உண்டு. எத்தனை மீட்டர் காகிதம் ஓடியது, கட்டர் எத்தனை முறை வெட்டியது என்று உள்ளே பதிவாகும், தயாரிப்பாளரின் மென்பொருளில் பார்க்கலாம். பழுதுபார்ப்பவர் பூஜ்யமாக்கக்கூடிய எண்ணி ஒன்று, ஆக்க முடியாத மொத்தக் கணக்கு ஒன்று என இரண்டு இருக்கக்கூடும். மொத்தத்தைக் கேளுங்கள்.

நல்ல பிரிண்டர்களின் ஹெட்டுக்கு 100 முதல் 150 கிலோமீட்டர், கட்டருக்கு 15 லட்சம் வெட்டு என்ற அளவில் ஆயுள் சொல்வார்கள். 20 சென்டிமீட்டர் ரசீது, நாளுக்கு 300 என்றால் 60 மீட்டர். 100 கிலோமீட்டர் ஏறக்குறைய நாலரை ஆண்டில் தீர்ந்துவிடும். கட்டர் அதே வேகத்தில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். ஆகவே பழைய பிரிண்டரில் முதலில் ஹெட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். சிறிய கடையில் ஐந்து ஆண்டு இருந்ததை, பெரிய கடையில் இரண்டு ஆண்டு ஓடியதைவிட நான் விரும்புவேன்.

சீரியல் போர்ட் (பழைய வகை கேபிள் இணைப்பு) மட்டும் உள்ள பிரிண்டர் மலிவாகக் கிடைக்கிறது. ரசீது தமிழில் வர வேண்டும். சரிப்படுமா?

ஆங்கிலம் மட்டும் என்றால் யுஎஸ்பி மாற்றி ஒன்றைப் போட்டு, வேகத்தைச் சுயசோதனைச் சீட்டில் உள்ளபடி அமைத்தால் போதும். தமிழ் என்றால் நிலைமை வேறு. இந்தப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது, ரசீதையே படமாக்கி அனுப்ப வேண்டும். 80 மில்லிமீட்டர் காகிதத்தில் அச்சாகும் அகலம் 72 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்றால் ஒரு வரிக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். 20 சென்டிமீட்டர் ரசீதுக்கு 1,600 வரி. மொத்தம் 1,15,200 பைட். சீரியல் வேகம் 9600 (விநாடிக்கு ஏறக்குறைய 960 பைட்) என்றிருந்தால், சுருக்காமல் அனுப்ப இரண்டு நிமிடம் ஆகும்! வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார். 115200 வேகத்தில் 10 விநாடி, அதுவும் அதிகம்தான். யுஎஸ்பி அல்லது நெட்வொர்க் போர்ட் உள்ளதையே வாங்குங்கள். சில மாடல்களில் பின்பக்கம் இரண்டு திருகைக் கழற்றி இணைப்பு அட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த அட்டை கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

லேசர் ஸ்கேனர் வாங்கினேன். வாடிக்கையாளர் செல்பேசியில் காட்டும் கியூஆர் குறியைப் படிக்கவில்லை. பழுதா?

பழுதில்லை. லேசர் ஒரு கோடு மட்டுமே பாய்ச்சும், கட்டம் கட்டமான கியூஆரை அதனால் படிக்க முடியாது. செல்பேசித் திரையில் சாதாரணப் பார்கோடு காட்டினாலும் தடுமாறும். கேமராபோலப் படமெடுக்கும் இருபரிமாண ஸ்கேனர் உங்களுக்குத் தேவை. லேசரைச் சரக்கு அடுக்கும் இடத்தில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேனர் எதை வாங்கினாலும், அதன் கையேட்டில் உள்ள ஆரம்பநிலைக்குத் திருப்பும் பார்கோடை முதலில் படிக்க விடுங்கள். முந்தைய உரிமையாளர் வைத்த விசித்திர அமைப்புகள் போய்விடும். கேபிள் பிடிக்குள் நுழையும் இடத்தை வளைத்துக்கொண்டே ஸ்கேன் செய்து பார்க்கவும் மறக்காதீர்கள், முதலில் அறுந்துபோவது அங்கேதான்.

'பிஓஎஸ்ரெடி 7' (கல்லாக் கணினிகளுக்கான விண்டோஸ் 7) உள்ள தொடுதிரைக் கணினி ஒன்று பார்த்தேன். கடையில் நன்றாக ஓடியது.

ஓடும். ஆனால் அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2021 அக்டோபரிலேயே நின்றுவிட்டன. வழக்கமான விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் அங்கீகரிக்கப்பட்ட செயலியும் வேண்டும். "11 போட்டுத் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், முறைப்படி ஏறுகிறதா, சோதனையைத் தாண்டி ஏற்றினாரா என்று கேளுங்கள். உங்கள் பில்லிங் மென்பொருள் லினக்ஸில் ஓடுமானால் பழைய கணினிக்கு அது நல்ல வழி.

வாங்குவதென்று முடிவெடுத்தால், உள்ளிருக்கும் வட்டைக் கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டி போடுங்கள். இதில் பேரம் வேண்டாம். மின்சாரத்தைப் பத்து நிமிடம் துண்டித்து மறுபடி போட்டு, தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். பழைய ஆண்டைக் காட்டினால் பலகையிலுள்ள சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது. மாற்றுவது எளிது, கவனிக்காமல் விட்டால் ரசீதெல்லாம் தவறான தேதியில் போகும். திரையில் மூலைக்கு மூலை விரலால் கோடு இழுங்கள். பணம் பெறும் பொத்தான் வழக்கமாக இருக்கும் மூலையில் கோடு விட்டுவிட்டு வந்தால், உழைத்துக் களைத்த திரை அது.

கார்டு இயந்திரமும் பழையதாகக் கிடைக்கிறதே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

யார் யார் கையில் இருந்தது என்று உங்களால் அறிய முடியாது. உள்ளே கார்டு எண்ணைத் திருடும் சில்லு வைத்திருந்தாலும் வெளியே தெரியாது. யோக்கியமான இயந்திரம் என்றாலும் பயனில்லை. அதைத் திறக்க முயன்றால், அல்லது உள் பேட்டரி தீர்ந்தால், கார்டு விவரங்களைப் பூட்டி அனுப்பும் ரகசியச் சாவிகளை (இவை எண்கள்தான்) அதுவே அழித்துக்கொள்ளும். உங்கள் வங்கியோ கட்டணச் சேவை நிறுவனமோ தன் சாவியை ஏற்றினால்தான் வேலை செய்யும், அந்நியர் விற்றதில் ஏற்ற அவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் கார்டுத் துறை தரும் பிசிஐ பாதுகாப்பு அங்கீகாரத்தில் காலாவதித் தேதியும் உண்டு. சேவை தருபவரிடமிருந்தே வாங்குங்கள், வாடகைக்கானாலும் சரி.

எடைத் தராசு?

விற்பனைக்குப் பயன்படும் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும், பழுதுபார்த்தால் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் புதியது பெரும்பாலும் தேவலை.

கல்லாப்பெட்டி நல்ல விலையில் இருக்கிறது, ஆனால் சாவி இல்லை. பிரிண்டரோடு இணைத்தால் திறக்குமா?

திறக்கும், பெட்டி சாவியால் பூட்டப்படாமல் இருந்து, கேபிளும் பொருந்தினால். தொலைபேசி கேபிள்போலத் தெரியும் அந்த இணைப்பில் கம்பிகளின் வரிசை பிரிண்டர் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். ஆகவே திறக்கவில்லை என்றால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் பிரிண்டருக்கு உரிய கேபிளை வாங்கிப் பாருங்கள். அந்த முனையில் பெரும்பாலும் 24 வோல்ட் வரும், தவறியும் நெட்வொர்க் கேபிளை அதில் செருகிவிடாதீர்கள். சாவிக்காக அலைய வேண்டாம், பூட்டையே மாற்றிவிடுங்கள். தொலைந்துபோன பழைய சாவி யார் கொத்தில் தொங்குகிறதோ.